ஊர்க் குப்பையும் எரியுலையும்

சென்ற பருவத்தின் நடுவே எம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. சிறு நகரங்கட்குக் குப்பை எரியுலை வேண்டற்பாலதே என்பது தலைப்பு. கொடுங்கையூரில் அமைக்கக் கருதப்பட்ட எரியுலையை வேண்டாவென்று வடசென்னை மக்கள் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தெருவிலே கைகோத்து நின்ற செய்தியைப் பலரும் நாளிதழ்களிற் படித்திருந்தனர். சென்னை பெருநகராயிற்றே, சிறு நகரங்களின் நிலை யாதாகும் என்று விடுதியில் எழுந்த உரையாடலிலிருந்தே அத்தலைப்புப் பிறந்தது. அவை நிரம்பியிருந்தது. யாம் உலை வேண்டும் என்னும் கட்சியில் நின்று பேசினோம்.

எம் வாதங்கள் எளியவை. குப்பைமேடு நாறும், நிலத்தடி நீரைக் கெடுக்கும், கோடையில் தானே தீப்பற்றி நாட்கணக்கிற் புகையும். உலையோ மலைபோன்ற குவியலைப் பருமனிற் பத்திலொரு பங்காகக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு மின்சாரமும் தரும். ஐரோப்பியத் தலைநகரங்களில் ஊர் நடுவே இவை நின்று எரிகின்றன, அங்குள்ளோர் அறிவிலிகளோ? இவ்வாறு பேசி அமர்ந்தோம். எதிர்க்கட்சியில் எழுந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், சற்றுத் தயங்கித் தயங்கிப் பேசுபவர், "காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள் அதன்பின் என் செய்வார்கள்?" என்று வினவினார். "அவர்கட்கு உலையிலேயே வேலை கொடுப்போம்" என்று யாம் இருந்த இடத்திலிருந்தே விடையிறுத்தோம். அவையில் நகையொலி எழுந்தது. நடுவர் வெற்றியை எமக்கே அளித்தார்.

அவ்வுரையைக் கட்டுரையாக எழுதித் தருமாறு இவ்விதழின் ஆசிரியர் கேட்டபொழுது, மேடையிற் சொன்னவற்றை ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளலாமென்று நூலகத்துக்குச் சென்றோம். எழுதத் தொடங்கிய கட்டுரை வேறு. இப்பொழுது அன்பர்கள் கையிலிருக்கும் கட்டுரை வேறு.

முதற்கண், எரியுலை என்பது யாதென அறிதல் வேண்டும். குப்பையை எரிப்பது புதுமையன்று. ஆயினும் ஊர்க் குப்பை முழுவதையும் ஓரிடத்திற் கொணர்ந்து அதற்கெனக் கட்டிய உலையில் முறையாக எரிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் 1874ஆம் ஆண்டில் தோன்றியது. அக்காலத்தார் அதற்கு இட்ட பெயர் 'அழிப்பான்' என்னும் பொருளது. பெயர் பொருந்தியதா என்பதைப் பின்னர்க் காண்போம். இக்காலத்து உலையோ பெரியதொரு தொழிற்சாலை. வண்டிகள் ஆழ்ந்த குழியிலே குப்பையைக் கொட்டும்; பாரந்தூக்கி அதனை வாரி உலைவாயில் இடும்; சரிந்தும் அசைந்தும் இயங்கும் இரும்புத் தட்டின்மேல் அது மெல்ல நகர்ந்து எரியும். எழும் வளி குறைந்தது 850 பாகை வெப்பத்தில் 2 நொடியேனும் நிற்றல் வேண்டுமென்று ஐரோப்பிய விதிகள் வகுத்துள்ளன. அவ்வெப்பம் நீரை ஆவியாக்கும். ஆவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்சாரம் பிறப்பிக்கும். எஞ்சிய புகை சுண்ணாம்பாலும் கரித்தூளாலும் கழுவப்பெற்று, நெய்த பைகளின் வழியாக வடிக்கப்பெற்றுப் பின்னரே புகைபோக்கியை அடையும்.

பருமனிற் பத்திலொரு பங்கு என்று மேடையிற் கூறினோமல்லவா? அது பொய்யன்று, ஆனால் எடையைக் கூறாது விட்டோம். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பலாகவும் கசடாகவும் எஞ்சும். தட்டின் அடியில் விழும் சாம்பலைச் சாலையிடப் பயன்படுத்துவோரும் உளர். வடிபைகளிற் சிக்கும் நுண்சாம்பலோ ஈயம், காட்மியம் முதலியன செறிந்த நஞ்சு. அதற்குத் தனியே காப்புள்ள புதைகுழி வேண்டும். உலை வந்தால் குப்பைக்குழி வேண்டா என்பது, ஆதலின், சரியன்று. சிறு குழி வேண்டும். அச்சிறு குழியில் இடப்படுவது முன்னையினும் கொடியது.

இனி, மக்கள் அஞ்சுவது புகையை. அவ்வச்சத்தின் நடுவே நிற்கும் சொல் டையாக்ஸின் என்பது. குளோரின் கலந்த பொருள்கள் குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்பொழுதும், எரிந்த புகை மெல்ல ஆறும்பொழுதும் இது பிறக்கும். உடலிற் கொழுப்பிலே தங்கி எளிதில் நீங்காது. இத்தாலியர்க்கு இச்சொல் ஏட்டுச் சொல்லன்று. 1976ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள் மிலான் நகரின் வடபால் உள்ள செவேசோ என்னும் ஊரருகே ஒரு வேதியியல் ஆலையிலிருந்து வெளிப்பட்ட முகில் இந்நஞ்சை ஊர்மேற் பரப்பிற்று. கோழிகளும் முயல்களும் மடிந்தன. பிள்ளைகளின் முகத்திற் புண்கள் எழுந்தன. குடும்பங்கள் வீடு விட்டு வெளியேறின. அது குப்பை உலையின் குற்றமன்று. எனினும் அந்நாட்டில் புகைபோக்கி ஒன்றைக் கட்டுவோம் என்பார்க்கு மக்கள் ஏன் எளிதிற் செவி சாய்ப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் நடுநிலை பிறழாதிருத்தல் வேண்டும். பழைய உலைகளையும் புதிய உலைகளையும் ஒருதட்டில் வைத்துப் பேசுவது நேர்மையன்று. ஒரு கனமீட்டர் புகையில் 0.1 நானோகிராமுக்கு மேல் டையாக்ஸின் இருத்தலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் விதி செய்தது; நன்கு நடத்தப்படும் உலைகள் அவ்வெல்லைக்குள் நிற்கின்றன. வியன்னா நகரின் ஸ்பிட்டெலாவ் உலை இதற்குச் சான்று. 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 1987ஆம் ஆண்டில் தீயாற் சிதைந்து, ஹுண்டெர்ட்வாசர் என்னும் ஓவியரின் கைவண்ணத்தால் பொற்குமிழ் சூடிய புகைபோக்கியோடு மீண்டெழுந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.5 இலட்சம் டன் குப்பையை எரித்து 60,000 வீடுகட்குமேல் வெப்பம் ஊட்டுகின்றது. எம் உரையில் இதனையே பெருஞ்சான்றாகக் காட்டினோம். யாம் சொல்லாது விட்டவை இரண்டு. வியன்னாவின் குளிர்காலத்தில் வெப்பமே விலைபெறும் பண்டம். நம் நாட்டில் வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் இட்டு வெப்பம் விற்பார் யார்? மின்சாரம் மட்டுமே பெறுவோமாயின் எரிபொருளின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு கிட்டுதலும் அரிது. மற்றொன்று, அந்நகரத்தார் காகிதம், கண்ணாடி, மக்குவன எனப் பிரித்தபின் மிகுவதையே உலைக்கு அனுப்புகின்றனர். மேலும், புகையிலுள்ள வேறு சில நச்சுக்களை ஓயாது அளக்கும் கருவிகள் இருப்பினும், டையாக்ஸினை ஆண்டில் இருமுறை அளந்தாற் போதுமென்றே அவ்விதி வகுத்தது. அளக்காத நாட்களில் உலை எவ்வாறு நடந்தது என்பதற்கு நடத்துவோரின் ஒழுக்கமே சான்று.

எரிவது எது என்னும் வினாவுக்கு வருவோம். அடுப்பூதிய அனுபவம் உடையார் யாவரும் அறிவர், ஈர விறகு எரியாது; புகையும். நம் நாட்டுக் குப்பையின் பெரும்பகுதி ஈர விறகே. தில்லியைச் சார்ந்த திமார்ப்பூரில், டென்மார்க்கு நாட்டுத் தொழில்நுட்பத்தோடு, நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலை 1980களின் பிற்பகுதியில் நிறுவப்பட்டது. கிலோகிராமுக்கு 1,400 கலோரிக்கு மேல் வெப்பம் தரும் குப்பை வேண்டுமென்று கட்டப்பட்ட அவ்வுலைக்குக் கிடைத்த குப்பை அதிற் பாதியளவே வெப்பம் தந்தது. சில வாரங்களே எரிந்து அவிந்தது. கலோரி என்பது இங்கே உணவுநூலார் வழங்கும் பெருங்கலோரி.

இதனைப் படித்தபின் யாமும் எம் அறைத் தோழரும் விடுதிக் குப்பையை மூன்று நாள் கிளறிப் பார்க்க முடிவு செய்தோம். சமையற்கட்டுத் தலைவர் எம்மை விந்தையாக நோக்கினார். பின்னர்த் தம் கைக்குட்டையை மூக்கிற் கட்டிக்கொண்டு தாமே துணை வந்தார். வாழையிலை, சோறு, காய்த்தோல், தேங்காய் நார், தேயிலைச் சக்கை; தொட்டிகளில் முக்காலும் இவையே. எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டும். எஞ்சியவற்றுள் தாளும் அட்டையும் பிளாஸ்டிக் உறைகளும் இருந்தன. அவைதாம் எரியத் தக்கவை. அவையே மாலைதோறும் பின்வாயிலுக்கு வரும் மூதாட்டி ஒருவர் பொறுக்கிச் செல்பவையும் ஆம். அந்நொடியில் இரண்டாம் ஆண்டு மாணவரின் வினா எமக்கு நினைவு வந்தது. அவர் அம்மூதாட்டியின் பிழைப்பை மட்டும் கேட்கவில்லை. உலையின் உணவு யாது என்றே கேட்டிருக்கின்றார். யாம் நகையாற் கடந்து போனோம்.

இவ்வினாவை ஓர் ஊரார் முன்னரே எழுப்பி, அதற்குச் செயலாலே விடையும் கண்டுள்ளனர். அவ்வூர் இத்தாலியில் தஸ்கனி மாநிலத்தில் லுக்கா நகருக்கு அயலிலுள்ள கபன்னோரி. எழுத்தொலியால் சுவிசேஷகர் பெயரை நினைப்பூட்டுமேனும் லுக்காவுக்கும் அவர்க்கும் தொடர்பு இல்லை. கபன்னோரி ஒரே ஊரன்று. 40 சிற்றூர்கள் சேர்ந்த நகராட்சி. மக்கள்தொகை ஏறத்தாழ 46,000. சுற்றுப்புறமெங்கும் காகித ஆலைகள். ஊரார் தொழிற்சாலையைக் கண்டறியாத நாட்டுப்புறத்தாரல்லர் என்பதற்காக இதனைக் குறிக்கின்றோம்.

1990களின் நடுவில் அங்கே ஓர் எரியுலை அமைக்கும் திட்டம் எழுந்தது. அத்திட்டத்தை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் ரொசானோ எர்கோலினி என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர். உலை எழவிருந்த இடம் அவர் பிள்ளைகட்குப் பாடஞ்சொன்ன பள்ளிக்கு அண்மையிலிருந்தது. அவர் வேதியியல் கற்றவரல்லர். ஆகவே கற்றவரை அழைத்தார். அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றில் வேதியியற் பேராசிரியராயிருந்த பால் கானெட்டு 1997ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து பேசினார். ஊர்க்கூட்டங்கள் நடந்தன. உலை கைவிடப்பட்டது.

இதுகாறும் உலகில் எத்தனையோ ஊர்களில் நிகழ்ந்த கதையே. எம் கருத்தில், கபன்னோரியின் கதை இதன்பிறகே தொடங்குகின்றது. 'வேண்டா' என்று கூறிய பின்னும் மறுநாட் காலையிற் குப்பை வாயிலில் வந்து நிற்குமன்றோ? "உலை வேண்டாவெனின் வேறு வழி கூறுக" என்று ஊராட்சியார் கேட்டனர். அவ்வாசிரியர் அப்பொறுப்பிலிருந்து விலகி ஓடவில்லை. வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெறும் முறையைச் சில சிற்றூர்களில் 2005ஆம் ஆண்டிற் சோதித்தனர். தெருத் தொட்டிகள் நீக்கப்பட்டன. முன்னதாகவே கூட்டங்கள் நடத்தினர். தொண்டர்கள் வெவ்வேறு நிறப் பைகளையும் கூடைகளையும் விளக்கத் தாளையும் ஒவ்வொரு வீட்டிலும் நேரிற் கொடுத்து, ஐயங்கட்கு விடை கூறினர். முதலிற் சிற்றூர்; தவறுகளைத் திருத்திக்கொண்டு அடுத்த சிற்றூர். 2010ஆம் ஆண்டளவில் நகராட்சி முழுவதும் இம்முறை பரவிற்று. மக்குவனவற்றை வீட்டுத் தோட்டத்திலேயே எருவாக்குவோர்க்குக் குப்பை வரியில் 10 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தது. 2012ஆம் ஆண்டு தொடங்கிச் சில பகுதிகளில், பிரிக்காத குப்பைப் பையில் ஒட்டும் சிறு சில்லை வண்டியிலுள்ள கருவி படித்துக் கணக்கெடுத்தது. மிகுதியாக எறிவோர் மிகுதியாகக் கொடுத்தனர்.

விளைவு இது. ஆளொன்றுக்கு நாளொன்றில் 2004ஆம் ஆண்டில் 1.92 கிலோகிராமாக இருந்த குப்பை 2012ஆம் ஆண்டில் 1.18 கிலோகிராமாகக் குறைந்தது. எஞ்சியதில் 82 விழுக்காடு பிரித்தெடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் மட்டும் நகராட்சிக்கு 20 இலட்சம் யூரோவுக்கு மேல் மிச்சமாயிற்று; அப்பணத்தைக் கொண்டு வரியைக் குறைத்தனர்; குப்பை சேர்க்கும் பணியில் 50 பேரைப் புதிதாக அமர்த்தினர். உலை வந்திருப்பின் 50 பேர்க்குப் புதுவேலை கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. பாரந்தூக்கி ஒன்றும் அதனை இயக்குவாரும் போதும்.

இவ்வூரார் 2007ஆம் ஆண்டில் 'குப்பையின்மை' என்பதைக் குறிக்கோளாக அறிவித்தனர். ஐரோப்பாவில் அவ்வாறு அறிவித்த முதல் நகராட்சி இதுவே. குறிக்கோளை அறிவிப்பது எளிது என்று எண்ணுவார்க்கு அவர்கள் அடுத்துச் செய்ததைக் கூறுகின்றோம். பிரித்த பின்னும் எஞ்சும் குப்பையை ஆராயவென்றே 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நிலையம் நிறுவினர். பைகளைத் திறந்து, இஃது ஏன் இங்கே வந்தது என்று ஒவ்வொரு பொருளையும் நோக்கி வினவுவதே அதன் தொழில். காப்பித்தூள் அடைத்த சிறு குப்பிகள் மிகுதியாக இருந்தன. உலோகமும் பிளாஸ்டிக்கும் தூளும் ஒன்றாய்க் கலந்த அவற்றை யாரும் பிரித்தல் இயலாது. குடித்தவரைக் கடிந்து பயனில்லை. பிழை செய்தவர் அதனை வடித்தவர் என்று கண்டு, அக்குப்பிகளை ஆக்கும் நிறுவனத்தாரோடு பேச்சுத் தொடங்கினர். குழந்தைகட்கு ஒருமுறை உடுத்தி எறியும் அரைத்துணிகள் மிகுந்தமையால், துவைத்து உடுத்தும் துணிகட்குச் சலுகை அளித்தனர். பாலை வீட்டுக் கலத்திலேயே பிடித்துக்கொள்ளும் பொறிகளை உழவர் கூட்டுறவினர் அமைத்தனர். எர்கோலினிக்கு 2013ஆம் ஆண்டில் கோல்டுமன் சுற்றுச்சூழற் பரிசு கிடைத்தது. இத்தாலியில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் கபன்னோரியைப் பின்பற்றின.

இத்துணையும் உலை இல்லாமையால் இயன்றது என்று கூறின் மிகையாகாது. ஏன் என்பதை அறிய மற்றோர் ஊரையும் காணல் வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கு. தலைநகரெனினும் சிறு நகரே. மக்கள் ஏறத்தாழ 50,000. இவ்வூரில் 1972ஆம் ஆண்டிலேயே உலை எரியத் தொடங்கியது. பழுதுக்குமேற் பழுது, ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கடன். டையாக்ஸின் மிகுதியாக வெளிப்பட்டமையால் 2003ஆம் ஆண்டில் உலையை மூட நேர்ந்தது. அப்பொழுது நகரத்தார்க்கு இரண்டு வழிகள் இருந்தன: இடித்துவிட்டுப் பழைய கடனைத் தீர்ப்பது, புதுக்கடன் பெற்று உலையைப் புதுப்பித்து, அதன் வருவாயால் பழங்கடனையும் தீர்ப்பது. இரண்டாவதையே தெரிந்தனர். சூதாடி இழந்த பொருளைச் சூதாடியே மீட்கக் கருதியவன் கதை நளன் காலத்திலிருந்தே நாம் அறிந்ததன்றோ? புதுப்பித்தல் கணக்கிட்ட தொகையிலும் காலத்திலும் முடியவில்லை. கடன் 30 கோடி டாலரைக் கடந்தது. கடனுக்கு உறுதி நின்றது நகராட்சி. ஆகவே தவணை தவறியபொழுது கடன் கொடுத்தவர்கள் நகராட்சியின் வாயிலில் வந்து நின்றனர். 2011ஆம் ஆண்டில் நகர்மன்றத்தார் நொடிப்பு மனு அளித்தனர், அது தள்ளுபடியாயிற்று, மாநில அரசு பொருட்பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி நகரின் கணக்கைத் தன் கைக்கொண்டது. 2013ஆம் ஆண்டு முடிவில் உலை அயல் மாவட்டத்துக் குப்பை ஆணையத்துக்கு விற்கப்பட்டது. ஊர்தி நிறுத்தும் இடங்களும் 40 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றன. மகன் பெற்ற கடனுக்குப் பேரன் வண்டி நிறுத்தக் காசு கொடுக்கின்றான் என்க.

ஹாரிஸ்பர்க்கை மூழ்கடித்தது புகையன்று, பத்திரம். எம் சொற்போரில் இருகட்சியாரும் புகையைப் பற்றியே பேசினோம். பத்திரத்தைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. உலை கட்டப் பெருந்தொகை வேண்டும். அதனை 20, 30 ஆண்டுகளில் மீட்பதற்குக் கட்டுவோர் கேட்கும் உறுதி யாது? நாளொன்றுக்கு இத்துணை டன் குப்பை தவறாது வருதல் வேண்டும். வாராதாயின், வந்ததாகவே கருதி நகராட்சி பணங்கொடுத்தல் வேண்டும் என்பதே அவ்வுறுதி. எல்லா உடன்படிக்கைகளும் இவ்வாறே அமையும் என்று கூறோம். ஆயினும் இது பரவலாகக் கேட்கப்படும் உறுதி. இத்தகைய கைச்சாத்தை இட்ட ஊரில், குப்பையைக் குறைக்க முயலும் பள்ளியாசிரியர் ஊர்க் கருவூலத்துக்குப் பகைவராவர். கபன்னோரியில் உலை கட்டப்பட்டிருந்து, அதன்பின் மக்கள் தம் குப்பையை 39 விழுக்காடு குறைத்திருப்பாராயின், நன்று செய்தமைக்காக அவர்களே தண்டம் இறுத்திருத்தல் கூடும். பிரித்தெடுத்தலும் அவ்வாறே. தாளும் பிளாஸ்டிக்கும் நீங்கினால் எஞ்சுவது ஈரம். ஈரத்தை உலை விரும்பாது. வேண்டுமளவு குப்பை உள்நாட்டிற் கிடையாமையால் சுவீடன் நாட்டார் தம் உலைகட்கு நார்வே, பிரிட்டன் முதலிய நாடுகளிலிருந்து குப்பையை வருவித்தனர். அவர்கட்குக் கப்பலும் துறைமுகமும் குளிர்கால வெப்பத் தேவையும் உள. மலைப்புறத்திலோ வறண்ட சமவெளியிலோ உள்ள சிறு நகரம் எங்கிருந்து வருவிக்கும்?

கபன்னோரியை யாம் பொன்னுலகாகக் காட்ட விரும்பவில்லை. 82 போக எஞ்சிய 18 விழுக்காடு எங்கே சென்றது? புதைகுழிக்கே சென்றது. பெரும்பாலான வீடுகட்குத் தோட்டம் உண்டு; தோட்டமுள்ள இடத்தில் எருக்குழி எளிது. அடுக்குமாடிகள் நெருங்கிய நகரில், மாடிப்படியின் கீழே யார் பை எது என்று அறியாத நிலையில், அதே முறை அதே பயனைத் தருமென்று எம்மால் உறுதி கூற இயலாது. பிரித்த குப்பையை மீண்டும் ஒரே வண்டியிற் கொட்டிச் செல்வதைக் கண்ட ஊரார், மறுநாள் பிரிக்க மாட்டார்கள்; இதனை அறிய யாம் இத்தாலிக்குச் செல்ல வேண்டியதில்லை. பழங்குப்பை மேடுகளை என்செய்வது என்பதும் தனி வினா. மருத்துவமனைக் கழிவுகளை எரித்தலும் வேறு பொருள். அதனை இங்கே ஆராயவில்லை. வியன்னாவைப்போல் பிரித்தலையும் எரித்தலையும் ஒருங்கே நடத்தும் ஆற்றலும் கண்காணிப்பும் உடைய பெருநகரங்கள் தம் வழியைத் தாமே காணலாம். ஐம்பதினாயிரம் பேர் வாழும் ஊரொன்று, இன்னும் பிறவாத குழந்தைகளின் குப்பையை ஈடுவைத்து உலை கட்டலாமா என்பதே எம் ஐயம். கபன்னோரியாரைப்போல் முதலில் ஒரு தெருவிலும், பின்னர் ஒரு பேட்டையிலும் பிரித்துப் பார்த்து, எஞ்சுவதை நிறுத்து அறிந்தபின் அதற்கேற்பச் சிந்திப்பது தக்கதென எமக்குத் தோன்றுகின்றது. கட்டாத உலையைப் பின்னர்க் கட்டலாம். கட்டியதை அவிப்பதே அரிது.

இரண்டாம் ஆண்டு மாணவரைச் சென்ற வாரம் நூலகப் படியிற் கண்டு, அன்று நகைத்தமைக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதனை மறந்திருக்கவில்லை. தம் ஊரில் தம் அத்தை பழந்தாள் வணிகம் செய்கின்றார் என்றும், அன்று மேடையில் அதனைக் கூற நாவெழவில்லை என்றும் சொன்னார். பழைய செய்தித்தாள், அட்டை, வெண்தாள், பால் உறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலையுண்டென்றும், நனைந்த தாளுக்கு எடைக்கழிவு உண்டென்றும் அவர் கூறியவற்றை எம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அவ்விலைகளை அறியாமலே யாம் ஊர்க் குப்பையைப் பற்றி ஒரு நாழிகை பேசிப் பரிசும் பெற்றிருந்தோம்.

அதே தலைப்பை, 'எரியுலைக்கு முப்பது ஆண்டு உடன்படிக்கை செய்யலாமா' என்று மாற்றி, மீண்டும் ஒரு சொற்போர் வைக்குமாறு மன்றச் செயலாளரிடம் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்துள்ளோம். அடுத்த பருவத்தில் இடந்தருவதாகச் சொல்லியிருக்கின்றார். யார் எக்கட்சி என்பதை இம்முறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்வாராம்.